வந்த காரணம்

காவலர் அறையில் நீலப் புத்தகம்.
பெயர், அடையாள அட்டை எண், மாடி, வந்த காரணம்.
குடியிருப்போர் அட்டை மூன்று வாரத்தில் வரும் என்றார்கள்.
ஆறாவது வாரம் நடக்கிறது.
கீரை வாங்கப் போய்த் திரும்பினாலும்
நான் வருகையாளர்.

முதல் நாள் எழுதினேன்: மகள்.
மறுநாள்: பேரன்.
பிறகு ஒரு வாரம் மேல் வரியைப் பார்த்து
மேற்படிக் குறி போட்டுக்கொண்டே வந்தேன்.
மேலே எழுதியவன்
ஏர்கோன் கழுவ வந்தவன்.

செத்தாப்பாக்கில் பதினெட்டாவது மாடி.
ஜன்னல் திறப்பதில்லை.
கீழே குடைகள் விரிவதைப் பார்த்துத்தான்
மழை என்று தெரிகிறது.

ஐஸ் பெட்டிக் கதவில் ஒரு தாள்,
ஷாமளா கணினியில் கட்டம் போட்டு எடுத்தது.
ஆறு மணி: அம்மா, பால்.
ஆறே முக்கால்: அம்மா, ஹர்வின் பசியாற.
ஏழரை: அம்மா, பாலர்பள்ளி வேன்.
பன்னிரண்டு கட்டத்தில் ஒன்பது அம்மா.
இரண்டு குணசீலன்,
பக்கத்தில் 'முடிந்தால்' என்று போட்டு.

பாயான் லெப்பாஸில் இருபத்தேழு வருடம்
நுண்ணோக்கிக்கு அடியில் தங்கக் கம்பி ஒட்டினேன்.
அதில் கடைசிப் பதினொன்று, லைன் லீடர்.
நாற்பத்திரண்டு பெண்களுக்கு வாராவாரம்
ஷிப்ட் அட்டவணை போட்ட கை இது.
யாருக்குக் கைக்குழந்தை,
யார் வீட்டில் இரவு வேலைக்கு அனுப்ப மாட்டார்கள்,
யாருக்கு நோன்பு, யாருக்குக் கண்ணில் நீர் வடிகிறது,
அத்தனையும் தெரிந்துதான் கட்டம் போடுவேன்.
கட்டத்துக்குள் நிற்பதுதான் பழக்கமில்லை.

தூக்கம் இன்னும் நைட் ஷிப்டில் இருக்கிறது.
மூன்று மணிக்கு எழுந்து
சத்தமில்லாமல் பாத்திரம் கழுவினேன்.
"மிஷின் இருக்குல்லம்மா," என்றாள் காலையில்.
மிஷினுக்குப் பேசத் தெரியாதே
என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
பாத்திரம் மட்டும் பேசியதா என்ன.

ஹர்வினுக்கு நான்கு வயது.
மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவான்.
கோபம் வந்தால் மட்டும் தமிழ்.
அதனால் தினமும் ஒருமுறையாவது
கோபப்படுத்திவிடுகிறேன்.

முப்பத்தொன்பதாம் நாள் இரவு பென்சில் எடுத்தேன்.
பத்தே காலுக்கு: தேநீர், பத்து நிமிடம்.
ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால்: சாப்பாடு, யாரும் கூப்பிடக் கூடாது.
ஞாயிறு முழுக்க விடுப்பு.
'முடிந்தால்' என்பதை ரப்பரால் தேய்த்தேன்.
அச்சு போகவில்லை. குறுக்கே கோடு கிழித்தேன்.
கீழே என் கையெழுத்து,
பழைய வழக்கத்தில் தேதியும் நேரமும்.

காலையில் அதன் முன்னால் ஷாமளா
வாய் நிறைய பற்பசை நுரையோடு நின்றாள்.
அதனால் பேச்சில்லை.
குணசீலன்தான் இரண்டு முறை படித்துவிட்டு
"ஓவர்டைம் எப்படி அத்தை?" என்றான்.
விளையாட்டா பயமா தெரியவில்லை.
"ஒன்றரை மடங்கு."

ஞாயிற்றுக்கிழமை
வங்சா மாஜூவில் எல்ஆர்டி ஏறினேன்.
மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி, தப்பான பக்கம் நின்று
மூன்று நிலையம் எங்கோ போனேன்.
போக வேண்டிய இடம் இருந்தால்தானே வழி தப்பும்.
ஒரு கடையில் பசெம்போர், எட்டு வெள்ளி.
பினாங்கில் ஆறுதான் என்று சொல்லிவிட்டேன்.
சொல்லியிருக்கக் கூடாது;
பாதித் தட்டு வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலிருந்து நான்கு அழைப்பு.
ஐந்தாவதை எடுத்தேன்.
"பாட்டி, அம்மா சோத்த கருக்கிட்டா!"
முழுசாகத் தமிழில், அத்தனை கோபமாக.
நடைமேடையில் நின்று சிரித்தேன்.

திரும்பும்போது ஆறரை.
காவலர் தில் பகதூர் புத்தகத்தை நீட்டினார்.
பேனாவைக் கட்டிய நூல் குட்டை,
குனிந்துதான் எழுத வேண்டும்.
பெயர் எழுதினேன். மாடி எழுதினேன்.
கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.
அவருக்குத் தமிழ் தெரியாது,
எது எழுதினாலும் முத்திரைதான்.
எழுதாமல் விட்டேன். அதற்கும் முத்திரை விழுந்தது.

அட்டை இல்லாமல் மின்தூக்கி ஏறாது.
தன் அட்டையைத் தொட்டு அனுப்ப அவரே வந்தார்.
தனக்கு மூன்று வருடம், இரண்டு முடிந்தது என்றார் மலாயில்.
கதவு மூடும்போது கேட்டார்:
"உங்களுக்கு எத்தனை வருட ஒப்பந்தம், மாக்சிக்?"
இன்னும் பேசவில்லை என்றேன்.